வீட்டில் வெயில் விழும் இடம்: போன் கேமராவை வைத்துப் பார்க்கப் பழகுவது

எங்கள் வீடு மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் பக்கம், நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கிற ஒரு ஊரில். பழைய ஓட்டு வீடு. அடுப்படிக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். காலையில் அதன் வழியாக ஒரு கட்டம் வெயில் உள்ளே இறங்கும். முதலில் மேற்குச் சுவரில் இருக்கிற தட்டு அலமாரியில் விழும், அப்புறம் மெல்ல மெல்லச் சுவர் வழியாக இறங்கித் தரைக்கு வந்து, உச்சிப் பொழுதில் அம்மிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விறகு அடுப்பு எரிகிற நாளில் புகைக்குள் அந்த வெயில் சாய்ந்த கம்பு மாதிரி தெரியும், கையை நீட்டினால் பிடித்துவிடலாம் போல.

இதே வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அப்படி ஒன்று தினமும் நடக்கிறது என்பதே இருபத்தெட்டு வயது வரை தெரியாது. ஒரு நாள் ரசப்பொடி டப்பாவைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பப் போனேன், டப்பாவின் மேல் அந்தக் கட்டம் விழுந்திருந்தது. பித்தளை மூடி பொன்னாக மின்னியது, பக்கத்தில் இருந்த எல்லாம் இருட்டில். அக்கா பதிலுக்கு, “எந்தக் கடையில எடுத்தது?” என்று கேட்டாள்.

அந்த ஒரு படத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். போட்டோ எடுக்க இப்போதுதான் ஆசைப்படுகிறவர்களுக்கு, கையில் போன் மட்டும் இருக்கிறவர்களுக்கு, “எங்க வீட்ல எடுக்கிற மாதிரி என்ன இருக்கு” என்று கேட்கிறவர்களுக்கு. என் பதில் ஒன்றுதான்: பொருளைத் தேடாதீர்கள், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது எதன் மேல் விழுகிறதோ அதை எடுங்கள்.

முதல் படங்களே வீட்டுப் படங்கள்தான்

போட்டோகிராஃபி என்ற சொல்லின் கிரேக்க வேருக்கு ஒளியால் வரைவது என்று பொருள். 1839-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தச் சொல்லைப் பயன்படுத்திய பிறகுதான் அது பரவியது. தமிழில் நமக்குப் புகைப்படம் என்று சொல்லித்தான் பழக்கம், ஆனால் ஒளிப்படம் என்று சொல்கிறவர்கள் சரியான இடத்தைத் தொடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். படத்தில் பதிவது குடமோ செடியோ கிடையாது, குடத்திலும் செடியிலும் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம்தான்.

இன்றைக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கிற கேமராப் படங்களில் மிகப் பழையது எதைப் பற்றியது தெரியுமா? ராஜாவும் கிடையாது, கோட்டையும் கிடையாது. பிரான்ஸில் ஒரு கிராமத்தில், நீப்ஸ் என்பவர் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்த கூரைகளும் முற்றமும். 1826 அல்லது 1827-ல் எடுத்தது. வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஒரு வகைத் தார் பூசி, கேமராவுக்குள் வைத்து, குறைந்தது எட்டு மணி நேரம் திறந்து வைத்திருக்கிறார். அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது, அதனால் அந்தப் படத்தில் கட்டடங்களின் இரண்டு பக்கமும் வெயில் அடிக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒரு வீட்டு முற்றத்தில் விழுந்த வெயில், ஒரே தகட்டில்.

சில வருஷம் கழித்து இங்கிலாந்தில் டால்பட் என்பவர் 1835-ல் எடுத்த சின்ன நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த படம், ஒன்று இருக்கிறது. நெகட்டிவ்களில் மிஞ்சியவற்றுள் அதுதான் பழையது. அதில் இருப்பதும் அவர் வீட்டு ஜன்னல்தான். அதே டால்பட் 1844-ல் எடுத்த இன்னொரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: திறந்து கிடக்கிற ஒரு கதவு, உள்ளே இருட்டு, வாசல் ஓரமாகச் சாய்த்து வைத்த ஒரு விளக்குமாறு, அதன் நிழல் கதவின் மேல் சரிவாக விழுகிறது. அவ்வளவுதான் படம்.

அதைப் பார்த்த மறுநாள் நான் எங்கள் கொல்லைக் கதவு ஓரத்தில் விளக்குமாற்றை வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏத்தா, வெளக்கமாத்தையா போட்டோ புடிக்கிற? அதை முதல்ல படுக்கப் போடு” என்றது. எங்கள் வீட்டில் விளக்குமாற்றை நிறுத்தி வைத்தால் அப்பத்தாவுக்கு ஆகாது. படுக்கப் போட்டேன். நிழலும் கூடவே படுத்துவிட்டது, படம் போச்சு. ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு பொருள் நிற்பதும் படுப்பதும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது

ஆரம்பத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்: இந்த வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து பொருளின் மேல் நேராக விழுந்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும், ஆனால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் தெரியாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. கல்யாண வீட்டில் ஃப்ளாஷ் அடித்து எடுத்த முகங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி தட்டையாக இருப்பது இதனால்தான்.

பக்கவாட்டிலிருந்து வந்தால் கதையே வேறு. மார்கழிக் காலையில் சாணம் தெளித்த வாசலில் போட்ட கோலத்தை ஏழு மணிக்கு, வெயில் தரையோடு தரையாகச் சரிந்து வரும்போது குனிந்து பாருங்கள். கோலமாவின் ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய நிழல் இருக்கும், விரல் எங்கே அழுத்தியது, எங்கே மாவு தடித்து விழுந்தது எல்லாம் தெரியும், சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூவின் நரம்பு வரை எண்ணலாம். அதே கோலத்தைப் பதினோரு மணிக்குப் பார்த்தால் தரையில் வெள்ளைக் கோடு. ஒத்தக்கடை வழியாகப் போகிறவர்கள் யானைமலையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நடுப்பகலில் வெளுத்த ஒரு பாறை, சரிந்த வெயிலில் மடிப்பும் பிளவும் நிழல் பிடித்துத் தும்பிக்கை நீட்டிப் படுத்த யானையேதான். திருமலை நாயக்கர் மகாலும் அப்படித்தான். 1636-ல் கட்டிய அந்தப் பெரிய தூண்களின் உருண்டை, ஒரு பக்கம் வெளிச்சம் மறுபக்கம் நிழல் என்று இருக்கும்போதுதான் கண்ணுக்கு வரும்.

மூன்றாவது, பொருளுக்குப் பின்னாலிருந்து வருகிற வெளிச்சம். வீட்டுத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெளிச்சம் ஊடுருவிப் போகிற எதையும் இது விளக்காக மாற்றிவிடும். வாழை இலைக்கு அடியில் நின்று சூரியனை இலை மறைக்கும்படி மேலே பாருங்கள், நடு நரம்பிலிருந்து பிரிந்து ஓடுகிற கோடுகள் ஒவ்வொன்றும் தெரியும், காற்றில் கிழிந்த இடத்தில் ஓரம் மட்டும் மஞ்சளாக எரியும். செம்பருத்தி இதழ், முருங்கைப் பூ, கொடியில் காயும் வேட்டி, ஜன்னலோரம் வைத்த நல்லெண்ணெய் பாட்டில், குழாயடியில் வரிசை கட்டி நிற்கிற பிளாஸ்டிக் குடங்கள் கூட. நாம் தினமும் பார்த்து அலுத்த பச்சைக் குடத்துக்குள் பின்வெயில் புகுந்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது வரை தெரியும். அப்பத்தா முறத்தில் அரிசி புடைக்கும்போது பறக்கிற உமியை, வெயில் எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி நின்று ஒரு முறை எடுத்தேன். முன்பக்கமிருந்து எடுத்திருந்தால் அந்தத் தூசி படத்தில் வந்தே இருக்காது.

சரி, இதில் ஒரு நுணுக்கம். பின்வெளிச்சத்தில் எடுக்கும்போது போன் குழம்பும், பொருள் கறுத்துவிடும் அல்லது வானம் வெளுத்துவிடும். திரையில் உங்களுக்கு முக்கியமான இடத்தை விரலால் தொடுங்கள், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அந்த இடத்துக்கான வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும், அதை மேலே கீழே இழுத்து வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் புது போன் வாங்குகிற ஆசை பாதி குறையும்.

கெட்டி வெயில், மெல்லிய வெளிச்சம்

உங்கள் உள்ளங்கையைத் தரைக்கு மேல் நீட்டி நிழலைப் பாருங்கள். விரல் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல இருந்தால் அது கெட்டியான வெளிச்சம். ஓரம் கரைந்து மங்கலாக இருந்தால் மென்மையானது. காரணம் எளிது. வெளிச்சம் வருகிற இடம், பொருளிலிருந்து பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்தால் நிழல் கூர்மையாகும், பெரிதாகத் தெரிந்தால் நிழல் கரையும். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நமக்கு அது வானத்தில் ஒரு பொட்டுதான். அதை மேகம் மூடினால் வானம் முழுக்க விளக்காகிறது, எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. மழை மூடிய ஐப்பசிப் பகலில் தோட்டத்துப் பச்சை எல்லாம் ஆழமாகத் தெரிவது இதனால்தான். “இன்னைக்கு மேகமா இருக்கு, போட்டோ நல்லா வராது” என்று சொல்வது பழைய நினைப்பு. இலைக்கும் பூவுக்கும் முகத்துக்கும் மேகம் நல்லது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இந்த மென்மையான வெளிச்சத்துக்கென்றே ஒரு இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், திண்ணை. தலைக்கு மேல் கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முழுக்கத் திறந்த தெரு. நேர் வெயில் உள்ளே வராது, ஆனால் ஒரே பக்கமிருந்து பெரிய வானத்தின் வெளிச்சம் வரும். பூக் கட்டுகிற அப்பத்தாவின் கையையும் முகத்தின் சுருக்கத்தையும் அங்கே வைத்து எடுத்த மாதிரி வேறெங்கும் என்னால் எடுக்க முடிந்ததில்லை. பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால் நிழல் பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் திரும்பிப் போகும். தரை எதிரொளிப்பதையும் கவனியுங்கள், சிவப்பு சிமெண்ட் தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கன்னத்தில் ஒரு செம்மை ஏறும், சாணம் மெழுகிய தரையில் அது வராது.

வெளிநாட்டுப் பாடங்களில் ஒன்று அடிக்கடி சொல்வார்கள்: வடக்குப் பார்த்த ஜன்னலில் எடுங்கள், அங்கே நேர் வெயில் வராது, வருஷம் முழுக்க ஒரே மாதிரி மென்மையான வெளிச்சம் என்று. அவர்கள் ஊருக்கு அது உண்மை, அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான் இருக்கும். மதுரைக்கு அது பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 பாகை (டிகிரி) வடக்கேதான் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் ஒவ்வொரு முறை சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு வரும், அன்று நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வாசல். வைகாசி, ஆனியில் வாசல்படியில் வெயில் விழும், மார்கழியில் அதே வாசல் நாள் முழுக்க நிழல், பதிலுக்குத் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் நீளமாக ஓடிப் படுக்கும். மார்கழியில் நண்பகலில்கூடச் சூரியன் 59 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. ஆகவே உங்கள் வீட்டு ஜன்னலுக்கு எந்தப் புத்தகமும் வழி சொல்ல முடியாது, நீங்கள்தான் மாதாமாதம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் காலண்டர் தாளிலேயே எழுதி வைக்கிறேன், “வெயில் துவைகல்லைத் தொட்டது 7.50” என்று.

மல்லிகை சொல்லிக்கொடுத்தது

வெளிச்சத்தின் அளவைப் புரிந்துகொள்ள மல்லிகையை விட நல்ல வாத்தியார் இல்லை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்று சாம்பலாகிவிடும், இல்லை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

ஏன் என்றால், கேமராவுக்கு மல்லிகை வெள்ளை என்று தெரியாது. தன் முன்னால் இருப்பதை எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரமான சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளப்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. இப்போதைய போன்கள் இதை விடப் புத்திசாலிகள்தான், ஆனாலும் அந்தச் சாய்வு போகவில்லை. கூடை நிறைய மொட்டை மட்டும் நெருங்கி எடுத்தால் எல்லாமே வெள்ளை, கேமரா “ரொம்ப வெளிச்சம்” என்று நினைத்து இருட்டாக்கும், பூ அழுக்காகத் தெரியும். அங்கே குட்டிச் சூரியனைக் கொஞ்சம் மேலே இழுக்க வேண்டும். மாறாக, கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒற்றைப் பூ என்றால் பெரும்பகுதி இருட்டு, கேமரா எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும், இதழின் மடிப்பு காணாமல் போகும். அங்கே கீழே இழுக்க வேண்டும். கறுப்பு உரல், எருமை, அடுப்புக்கரி பிடித்த சட்டி இவற்றுக்கும் இதே கணக்குதான், படம் முழுக்க அவை மட்டும் நிறைந்தால் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வெளிறிப்போகும்.

வெளுத்துப் போன வெள்ளையைப் பிறகு திருத்த முடியாது, அங்கே பதிவே இல்லை. கொஞ்சம் இருட்டாக இருப்பதைப் பிறகு தூக்கிவிடலாம். சந்தேகமாக இருந்தால் குறைத்து எடுங்கள்.

நம் கண் இந்தச் சிரமம் எதையும் படுவதில்லை. அடுப்படி இருட்டையும் கண்ணாடி ஓட்டு வெயிலையும் கண் மாறி மாறிப் பழக்கிக்கொண்டு இரண்டையும் காட்டிவிடும். கேமரா ஒரு நொடியில் ஒரு அளவுதான் எடுக்கும். போனில் இரண்டு மூன்று அளவில் எடுத்துத் தானே கோர்த்துக்கொள்கிற வசதி இருக்கிறது, உதவியானதுதான், ஆனால் புகையும் இருட்டும் சேர்ந்த அந்த அடுப்படி அழகை அது சில சமயம் ட்யூப்லைட் போட்ட மாதிரி ஆக்கிவிடுகிறது. அப்போது வெயில் விழுந்த இடத்தை அழுத்திப் பூட்டி, மற்றதை இருட்டாகவே விட்டுவிடுவேன். எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பொழுதை ஆறாகப் பிரித்தவர்கள் நாம்

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சிறுபொழுதுகள் நினைவிருக்கிறதா? காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நாலு மணி நேரம். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கான பொழுது: முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல், மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு. பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு அது பட்டியல். கேமரா கையில் வந்த பிறகுதான், ஒரு நிலம் எந்த வெளிச்சத்தில் தன் முழு அழகோடு இருக்கும் என்று யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று பட்டது. எங்கள் ஊர் மருதம். வயலில் பனி இறங்கியிருக்க, கிழக்கு வெளுக்கும் நேரத்தில் வரப்பில் நின்று பார்த்தால் அந்தப் பொருத்தத்தை ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

விடிந்த உடனேயும் அடைகிற நேரத்திலும் வருகிற மஞ்சள் வெயிலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப் போல ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வரவேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகிறது. ஆனால் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். மணிக்கு 15 பாகை வீதம். ஆகவே அந்த மஞ்சள் அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரம்தான். வடக்கே தூரத்து நாடுகளில் கோடையில் சூரியன் சாய்வாக இறங்குவதால் அது நெடுநேரம் நீடிக்கும், அதை நம்பி இங்கே டீ குடித்துவிட்டு வரலாம் என்று இருந்தால் திரும்பும்போது முடிந்திருக்கும்.

கடலோரத்தில் வேறு வெளிச்சம்

அக்காவைக் கட்டிக்கொடுத்தது மண்டபத்தில். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம், இரண்டு பூவரசு, ஒரு முருங்கை, அதைத் தாண்டினால் மணல், அப்புறம் கடல். முதல் தடவை போனபோது நடுப்பகலில் போய் நின்று நூறு படத்துக்கு மேல் எடுத்தேன், ஊருக்கு வந்து பார்த்தால் எல்லாம் வெளிறிய நீலம், ஒன்றுகூடத் தேறவில்லை. என் அடுப்படியில் தெரிந்துகொண்ட எதையும் அங்கே நான் பயன்படுத்தவே இல்லை, கடல் இருக்கிறது என்றவுடன் கடலைப் பார்த்தேன், வெளிச்சத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அடுத்த முறை எற்பாட்டில் போனேன், நாலரை மணிக்கு மேல். மண்டபத்தில் கரை ஏறக்குறைய கிழக்கு மேற்காக நீள்கிறது, வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அதனால் காலையிலும் மாலையிலும் வெயில் கரையோடு ஓடி, மணலின் ஒவ்வொரு அலை வரிக்கும் பக்கவாட்டில் வந்து நிழல் கொடுக்கிறது. நம் வாசல் கோலத்துக்கு நடந்தது அங்கே கடற்கரை முழுக்க நடக்கிறது. மணலில் படர்ந்த அடும்புக் கொடியின் ஊதாப் பூவைக் காலையிலேயே எடுத்துவிட வேண்டும், பகல் ஏற ஏற வாடிவிடும். பூவரசு அதற்கு நேர்மாறாகப் பொறுமை, காலையில் மஞ்சளாக இருக்கிற அதே பூ சாயங்காலத்துக்குள் சிவந்துவிடும், ஒரே பூவை இரண்டு வேளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணல்மேட்டில் ராவணன் மீசை என்று ஒரு புல் இருக்கிறது. காய்ந்த அதன் முள் உருண்டைகள் காற்றில் கழன்று மணலில் உருண்டு ஓடும், பின்வெயிலில் ஒவ்வொரு முள்ளும் கம்பி மாதிரி ஒளிரும். அதைத் துரத்திக்கொண்டு குனிந்து ஓடியதில் அக்கா பிள்ளைகள் இரண்டும் என்னோடு சேர்ந்துகொண்டன.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியது, வெளிச்சம் கீழேயிருந்தும் வரும் என்பது. வெளுத்த மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் முகத்தில் மூக்குக்கும் தாடைக்கும் அடியில் கறுத்த நிழல் விழாது. எங்கள் ஊரில் வேட்டி பிடித்துச் செய்கிற வேலையை அங்கே மணலே செய்துவிடுகிறது. காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் தூரத்துப் படகுகள் மெல்லிய திரைக்குப் பின்னால் இருப்பது போலத் தெரியும், அது குறையில்லை, அதை அப்படியே எடுங்கள். ஆனால் அதே உப்பு லென்ஸிலும் படியும். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கீறல் விழும். சுத்தமான துணியை லேசாக நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். ஊரிலும் எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடைக்கிற பழக்கம் வேண்டும், பாதிப் பேருடைய மங்கலான படத்துக்கு விரல் எண்ணெய்தான் காரணம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது

வீட்டில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துவைகல், துளசி மாடம், கிணற்றடி, மாடிப்படி, அடுக்குமாடி வீடென்றால் பால்கனியில் ஒரு தொட்டிச் செடி. விடுமுறை நாளில் அந்த ஒரு இடத்தை விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை ஆறு முறை, ஒரே கோணத்தில், ஒவ்வொரு படம் மட்டும் எடுங்கள். ராத்திரி ஆறையும் வரிசையாகப் பாருங்கள். எந்த நேரம் உங்கள் இடத்தின் நேரம் என்று தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்த நேரத்துக்கு மட்டும் போய், இந்த முறை சுற்றி வந்து எடுங்கள், குனிந்து, நெருங்கி, எதிர்ப்பக்கம் போய்.

ஜூம் பண்ணாமல் காலால் நெருங்குங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் இருக்கிற படத்தை வெட்டித்தான் பெரிதாக்குகிறது. பொத்தானை அழுத்துமுன் படத்தின் நாலு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள், யாரோ விட்டுப்போன செருப்போ, பாதி வாளியோ உள்ளே நுழைந்திருக்கும். வேண்டாம் என்றால் ஒரு அடி நகர்ந்தாலே போதும், சில சமயம் அந்தச் செருப்புதான் படமாகவும் இருக்கும். ஆட்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், குழாயடியில் தண்ணி பிடிக்கிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், அவர்கள் வீட்டு வேலை நமக்குக் காட்சி ஆவதை அவர்கள் விரும்ப வேண்டும்.

அழிப்பதற்குத் தயங்காதீர்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒன்று என்று ஏழு வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவேன். வருஷத்துக்கு ஒரு முறை பத்துப் பன்னிரண்டைக் கடையில் கொடுத்துத் தாளில் போட்டு வாங்குகிறேன், அதைப் பார்க்கும்போதுதான் எந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கிறது என்று எனக்கே தெரிகிறது. என்னுடையதில் பாதிக்கு மேல் பின்வெயில்.

போன கார்த்திகையில் அப்படி வாங்கி வந்ததை அப்பத்தா ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது. அம்மி, குடம், தன் கை, பூக்கூடை. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து சத்தம்: “ஏத்தா, அடுப்படிக்குள்ள வெயில் எறங்கிருச்சு, வந்து புடி. இப்பப் போயிரும்.” ஓடிப் போய்ப் பார்த்தேன். தட்டு அலமாரியிலிருந்து இறங்கிய கட்டம் தரையில் பரப்பிக் காயவைத்திருந்த மிளகாய் வற்றலின் மேல் நின்றிருந்தது, அப்பத்தா அடுப்பில் ஒரு தென்னை மட்டையைத் தள்ளிப் புகை கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது.